காற்றுத் தண்ணீர் மிஷின்

1. ஆர்டர்

பேட்டையில் ஒரு பட்டறையில் பதினாறு வருஷம் ஃபிரிட்ஜ், வாட்டர் கூலர் மெக்கானிக்காக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார்.

"வே, காத்துல இருந்து குடிதண்ணி எடுக்க மிஷின் கேக்காவ. சாத்தான்குளத்துக்கு மேக்க ஒரு ஊருக்கு. செஞ்சிருவமா?"

செய்யலாம் என்றேன். ஃபிரிட்ஜில் இருப்பதுதான்: கம்ப்ரசர், காயில், ஃபேன். ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளர் வெளியே வியர்ப்பதுபோல், குளிர்ந்த காயில் குழாய் மேல் காற்றை ஓட்டினால் அதுவும் வியர்க்கும். சொட்டுவதைத் தட்டில் பிடித்து, வடிகட்டி டேங்கில் விட வேண்டும்.

கார்த்திகை மழையில் பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு பகலில் மூன்று குடம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மழைக் காற்றில் ஈரம் இருக்கும், கோடையில் என்ன ஆகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

2. ஆனி மாதம்

அந்த ஊரில் மிஷினை இறக்கியபோது ஆனி மாதம். மேல்காற்று செம்மண்ணை வாரி இறைத்தது. கிணறெல்லாம் உப்பு. நாலு நாளைக்கு ஒருமுறை வரும் லாரித் தண்ணீர்தான் குடிக்க.

வோல்டேஜ் குறைவாக இருந்ததால் கம்ப்ரசர் ட்ரிப் ஆகி நின்றது. ஸ்டெபிலைசர் வைத்துச் சரிக்கட்டினேன். காற்றுக்கு என்ன வைப்பது? காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சொம்புதான் சேர்ந்தது. மறுநாள் காலை, ஆர்டர் கொடுத்த அரசாங்க அதிகாரி திறந்துவைக்க வருகிறார்.

"காத்துல ஈரமே இல்ல மொதலாளி. உள்ளதைச் சொல்லிருவோம்" என்று கூட வந்திருந்த முதலாளியிடம் சொன்னேன்.

"சொல்லிட்டு? பெறகு எவன் நமக்கு ஆர்டர் குடுப்பான்? நீரு பைய ரெண்டு குடம் உள்ள ஊத்தி வச்சிரும். மழை வந்தா தானா ஓடும்லா."

மிஷின் வைத்த ஷெட்டுக்கு எதிர்வீடு பாக்கியம் என்ற பீடி சுற்றும் பெண்ணுடையது. மிஷினைக் கழுவ லாரித் தண்ணீர் இரண்டு குடம் வேண்டும் என்று அவளிடம் பொய் சொன்னேன்.

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. மிஷின் வந்துட்டுலா, இனி எங்களுக்கு என்ன கொறச்சல்?" என்று இரண்டு குடத்தையும் அவளே தூக்கிக் கொடுத்தாள்.

மறுநாள் அதிகாரி குழாயைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள். பாக்கியம் கை ஏந்திக் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

"லாரித் தண்ணி மாதிரியேதான் இருக்கு அண்ணாச்சி!"

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

3. கையெழுத்து

ஒரு மாதம் கழித்து ஃபேன் மோட்டார் பார்க்கப் போனேன். பாக்கியமும் எட்டாம் வகுப்புப் படித்த அவள் மகளும் பக்கத்து ஊரிலிருந்து குடம் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"லாரி வரல்லையா?"

"மிஷின் இருக்க ஊருக்கு லாரி எதுக்குன்னு நிறுத்திட்டாவ. அது சொட்டவே மாட்டேங்கு. நாங்கதான் கெடுத்துட்டோம்னு வேற சொல்லுதாவ."

நடந்ததைச் சொன்னேன். அவள் குடத்தை இறக்காமலே நின்றாள்.

"அப்போ அது என் தண்ணியா?" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அதிகாரியைப் போய்ப் பார்த்தேன்.

"என் கண்ணால பார்த்தேனேய்யா. நல்லா ஓடுதுன்னு ரிப்போர்ட்டும் போயாச்சு."

"நான் ஊத்தின தண்ணி சார் அது."

"அப்படியா? எழுதிக் கொடு."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே முதலாளி என் டூல் பெட்டியை வாசலில் எடுத்து வைத்துவிட்டார். என் கடிதம் மேஜை மேஜையாக நகர்ந்து, லாரி திரும்ப வந்தபோது ஐப்பசி பிறந்திருந்தது.

இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த மிஷினையும் அது தோற்கக்கூடிய மாதத்தில் ஓட்டிப் பாருங்கள். தோற்றால் அன்றைக்கே சொல்லுங்கள். நான் ஒரு மாதம் தாமதித்தேன். எனக்கு வேறு பட்டறையில் வேலை கிடைத்தது. தண்ணீர் சுமப்பதற்காகப் படிப்பை நிறுத்திய பாக்கியத்தின் மகள், லாரி வந்த பிறகும் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மாவோடு பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டாள்.