கல்பாசி அண்ணாச்சி

ராஜபாளையம் கடைத்தெருவில் மசாலாக் கடை வைத்திருந்த அந்த அண்ணாச்சிக்கு நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை. பொட்டலம் கட்டுமுன் கல்பாசியில் ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பார். பிறகு என் மூக்கருகே நீட்டுவார். “செண்பகத்தோப்பு மரத்துலேருந்து வந்தது, டீச்சரம்மா.”

தொண்ணூறுகளில் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நான் அந்தக் கல்பாசியை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்தேன். அதன் சாற்றை ஒரு ஊதாத் திரவத்தில் விட்டால், பாலிஃபீனால் சத்து இருக்கிற அளவுக்கு ஊதா வெளுத்து மஞ்சளாகும். அண்ணாச்சியின் சரக்கு விட்ட மாத்திரத்தில் மஞ்சளாக்கியது. என் வழிகாட்டிப் பேராசிரியர் கல்லூரி முழுக்கப் பெருமை பேசினார். நான் ஆய்வேட்டையே எழுதத் தொடங்கிவிட்டேன்.

சரிபார்ப்பதற்காகச் செண்பகத்தோப்புக்குப் போய் நானே மரத்திலிருந்து கொஞ்சம் சுரண்டி வந்தேன். ஊதா லேசாகத்தான் வெளுத்தது. சந்தேகப்பட்டு அண்ணாச்சியின் சரக்கைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். தேயிலை நிறம், தேயிலை வாசனை. தேயிலையில் இல்லாத பாலிஃபீனாலா!

நேரே கடைக்குப் போய்க் கத்தினேன். “கல்பாசியில என்ன கலந்தீங்க, அண்ணாச்சி?”

அவர் ஒளிக்கவில்லை. “வெளுத்த பாசிய எவன் வாங்குவான்? டீத்தண்ணி தெளிச்சுக் காயப்போடுறதுதான்.”

“எனக்குமா?”

“படிப்புக்குன்னு கேட்டியளே, நல்லா வரட்டும்னு ஒங்களுக்கு மட்டும் எம்புட்டுக் கெட்டியா டிக்காசன் போட்டேன் தெரியுமா?”

சொல்லிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஏமாந்தவர் அவர்தான் என்பதுபோல் கண் கலங்கியிருந்தது. ஆராய்ச்சி பாழாய்ப் போனதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்தப் பார்வையை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.