எந்தத் தெருவால் இறங்கினாலும் ஆறு

2005ஆம் ஆண்டு ஆவணி மாதம். லண்டன் டூட்டிங்கில் இருந்து பாரிசுக்கு, அக்கா மகனின் கலியாணத்துக்கு எங்கள் வான் வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை தகப்பனோடு முதலே போய்விட்டான். நான் ஷிப்ட் முடித்து, அக்காவையும் என் மனைவியையும் ஏற்றிக்கொண்டு இரவுதான் கப்பல் ஏறினேன். கூறைச் சேலை அக்காவின் மடியில். தாலியை என்னிடம் தந்து, "தம்பி, கோட்டுப் பையை விட்டு வெளியிலை எடுக்காதை" என்றிருந்தா. மத்தியானத்துக்கு முன் முகூர்த்தம்.

காலையில், பிரான்சில் பெரிய ரோட்டில் ஏதோ விபத்து என்று வாகனங்களைத் திருப்பிவிட்டார்கள். நாங்கள் வந்து சேர்ந்தது ஒரு சின்ன ஆற்றங்கரை ஊர். அதன் பெயர் இன்றைக்கும் எனக்கு வாசிக்க வராது. அக்காவுக்குத் தலை சுற்றியது. பாலத்தடியில் வானை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனேன். போன் வானிலேயே கிடந்தது.

ஊரின் நடுவில் ஒரு மேடு, மேட்டில் தேவாலயம், அதைச் சுற்றி ஒடுங்கிய தெருக்கள். கடை மேலேதான் இருந்தது. இறங்கினால் ஆறு வரும், அங்கே வான் நிற்கும் என்று இறங்கினேன். ஆறு வந்தது, பாலமும் வந்தது. வான் இல்லை. திரும்ப ஏறி வேறு தெருவால் இறங்கினேன். அங்கேயும் ஆறு, அங்கேயும் பாலம், வானை மட்டும் காணவில்லை. நான் யாழ்ப்பாணத்தான். ஆற்றங்கரையில் வாழ்ந்த பழக்கம் இல்லை. ஆறு என்றால் ரோட்டைப் போல ஒரு பக்கத்தால் போகும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆட்களிடம் கேட்கக் கூச்சம். பாஷையும் இல்லை. தாலி இருக்கிறதா என்று பையைத் தடவிக்கொண்டு நின்றேன். முகூர்த்தம் தவறினால் அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது?

வாசல் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் தானாகவே கிட்ட வந்தார். நான் ஸ்டியரிங் பிடிப்பது போலக் காட்டி, ஆற்றையும் பாலத்தையும் காட்டினேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இடக்கையை முன்னால் வளைத்து, ஆற்றைச் சுட்டினார். வளைவுக்குள் மற்றக் கையைப் பொத்தி வைத்து, தேவாலயத்தைச் சுட்டினார். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. ஆறு ஊரை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது. எங்கே இறங்கினாலும் ஆறுதான்.

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, என்னோடு கரையோரமாகவே நடந்தார். வலப்பக்கம் ஊர், இடப்பக்கம் ஆறு. கோயில் வீதி சுற்றுவது போல இருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் அடுத்த பாலம், அதனடியில் எங்கள் வான்.

அக்கா ரோட்டிலேயே தொடங்கிவிட்டா. "அங்கை மாப்பிள்ளை தாலியில்லாமல் நிக்கிறான். நீ இஞ்சை தாலிக்கு ஊர் சுத்திக் காட்டுறியோ?"

"ஏனப்பா, ஒருத்தரிட்டையும் கேக்க ஏலாதோ?" என்றாள் மனைவி.

"நான் கேக்கேல்லை. அவவாத்தான் வந்தவ" என்றேன்.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டா. நான் கும்பிட்டேன். பாரிசில் மண்டபத்துக்குள் நாங்கள் ஓடியபோது ஐயர் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் தவறவில்லை.

இப்போதும் நான் கூச்சப்படுகிற ஆள்தான். ஆனால் டூட்டிங் ஸ்டேஷன் வாசலில் யாராவது திசை தெரியாமல் அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு நின்றால், நானே கிட்டப் போய்விடுகிறேன். என்னைப் போன்றவன் என்றால், வாய் திறந்து கேட்கமாட்டான்.