சுலேமா கண்ட புடைப்பு

மூச்சை அடக்கிக்கொண்டுதான் சுலேமா அர்கன்யராஸ் அந்தச் சொட்டை வைப்பார். பிப்பெட் நுனியிலிருந்து பால்போல் வெளுத்த நீர், கருவியின் படிகத்தில் இறங்கும். மூடியைச் சாத்தி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிய பிறகே மூச்சை விடுவார். பார்ப்பவர்கள் சிரித்தால், "சிரிங்க, சிரிங்க. உங்க வாயிலேயும் ஈரந்தான் இருக்கு" என்பார்.

ஊரே கதவடைத்துத் தூங்கும் மத்தியானத்தில்தான் இப்போது அவர் வேலை செய்கிறார். எங்கள் ஊரான சாந்தியாகோ தெல் எஸ்தேரோவின் அந்த வெயிலில் நாய்கூடத் தெருவில் இறங்காது. ஆய்வகக் கதவைத் திறந்து மூட ஆளிருக்காது. ஒல்லி உடம்பு. அங்கிப் பையில் எப்போதும் அலுமினியத் தாள். வைட்டமினுக்கு வெளிச்சம் ஆகாது என்று, குப்பியைச் சுற்றி ஓரங்களை நகத்தால் அழுத்திவிடுவார். பல வருஷமாக நான் அடுத்த மேசையில் இருக்கிறேன். முன்பு அவர் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

உடம்பின் ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு சுற்றியிருக்கிறது. கொலஸ்ட்ரால் புகுந்தால் அது இறுகும். அங்கே குடியிருக்கும் வைட்டமின் ஈ அப்போது என்ன ஆகும்? உள்ளே புதையுமா, தண்ணீர் தொடும் விளிம்புக்கு ஒதுங்குமா? சுலேமாவும் அவரோடு வேலை செய்த எவரிஸ்தோவும் பாதி ஆயுளை இந்த ஒரு கேள்விக்குக் கொடுத்தார்கள். அதுபோல் நீரில் செய்த சவ்வில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, அது எங்கெங்கே உறிஞ்சப்படுகிறது என்று வரைகோட்டின் முகடுகளில் தேடினார்கள்.

எவரிஸ்தோ பருமன், சத்தக்காரர். கருவிக்குப் பக்கத்திலேயே பன்றிக்கொழுப்பு ரொட்டியைப் பிட்டுத் தின்பார்.

"கொழுப்பைப் படிக்கிறவன் கொழுப்பைத் தின்னக் கூடாதாடி, ஒல்லி?"

"தின்னு. உடம்பிலே இருக்கிறதைவிட வாயிலே கொஞ்சம் கூடுதலா இருக்கு உனக்கு."

சாயங்காலமானால் மின்னடுப்பில் கெட்டில் ஏறும். தேநீர்போல் உறிஞ்சிக் குடிக்கும் மாத்தே இலை போட்ட சுரைக்குடுவை ஒரே குழலோடு இருவருக்கும் நடுவே கைமாறும். மாத்தேக்குத் தண்ணீர் கொதிக்கக் கூடாது; எவரிஸ்தோ பேச்சு மும்முரத்தில் கொதிக்கவிட்டுவிடுவார். "மறுபடி தண்ணியைக் கெடுத்தியா?" என்று சுலேமா கத்துவார்.

கொலஸ்ட்ரால் கலந்த சவ்வில் மட்டும், ஒரு முகட்டின் ஓரத்தில் சிறு புடைப்பு தெரிந்தது. வைட்டமின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறது, தண்ணீர் அதைத் தொடுகிறது என்று எழுதினார்கள். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று வெளியிட்டது. எவரிஸ்தோ பெயர் முதலில், சுலேமா பெயர் அடுத்து. எவரிஸ்தோ கண்டது என்று ஊர் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

போன வருஷம் அவர் இதயம் நின்றது. தனியாகக் குடுவையைப் பிடிக்க சுலேமாவுக்கு மனம் வரவில்லை, அடுப்பைப் போடவில்லை. அதோடு புடைப்பும் காணாமற்போனது. மாதிரி கெட்டுவிட்டது என்றார். புதிதாகச் செய்தார். வரவில்லை. ஒருநாள் கெட்டிலை ஏற்றி, படிகத்தில் எதுவுமே வைக்காமல் கருவியை ஓட்டினார். அதே இடத்தில் புடைப்பு எழுந்தது.

வெறும் சவ்வுகளை அவர்கள் காலையில் பார்ப்பார்கள். கொலஸ்ட்ரால் கலந்தவற்றை மாத்தே நேரத்தில். காற்றின் ஈரமும் அகச்சிவப்பை உறிஞ்சும்; கருவிக்குள் அதை விரட்டும் நைட்ரஜன் அந்த வருஷங்களில் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதென்று சுலேமா முடிவு செய்தார். இறந்தவருக்காக மனைவியின் சம்மதம் வேண்டும் என்றது சஞ்சிகை.

"விட்டுடுங்களேன் டாக்டர், யாரு பார்க்கப் போறாங்க?" என்றேன்.

"பார்த்துட்டு அதை நம்பி எவளாவது தன் வயசைத் தொலைப்பா. நான் தொலைச்சது போதும்."

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். எவரிஸ்தோவின் மனைவி தெயோலிந்தா வீட்டுக் கூடத்தில், கட்டுரையின் முதல் பக்கம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. சுலேமா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அப்போ அவரு பார்த்தது என்னதான்டி?"

"ஆவி."

"என்ன ஆவி?"

"கெட்டில் ஆவி, தெயோலிந்தா. நாங்க குடிச்ச மாத்தே."

தெயோலிந்தாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "தண்ணியைக் கொதிக்க விடாதே, விடாதேன்னு நானும் வீட்டிலே கத்தினேனே! அந்த மனுஷன் கேட்டாரா?" சிரிப்பு பாதியில் உடைந்தது. "உன் பேரை எடுத்துக்கோ சுலேமா. அவரு பேரை விட்டுடு."

"பேரை எடுக்கலே. சொன்னதைத்தான் எடுக்கிறோம்."

"ரெண்டும் ஒண்ணுதான். நீ இன்னும் பத்து எழுதுவே. செத்தவரு என்னத்தை எழுதுவாரு?"

அந்தப் புடைப்பு நிஜமாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. கடைசியில் தெயோலிந்தாவே பேனாவை வாங்கிச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "ஆனா இது இந்தச் சுவத்திலேயேதான் இருக்கும்" என்றபடி கண்ணைத் துடைக்க உள்ளே போனார்.

சுலேமா சட்டத்தின் அருகே போய் நின்றார். கண்ணாடியின் மேல், தன் பெயர் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மறைத்தார். எவரிஸ்தோவின் பெயர் மட்டும் தெரிந்தது. தெயோலிந்தா திரும்பி வரும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.