களிமண் தின்ற காற்று

என் அப்பா வைத்தீஸ்வரன் கும்பகோணத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, கிதர்ப்பூர் துறைமுகத்தில் ஒரு கம்பெனிக்குச் சரக்கு மேற்பார்வை பார்த்தார். கடைசி வருஷங்களில் அவர் பார்த்தது முல்தானி மண்.

மேற்கிலிருந்து கப்பலில் வரும். கம்பளி ஆலைகள் பிசுக்கு எடுக்க வாங்கின. எண்ணெய் ஆலைகள் ஆளிவிதை எண்ணெயின் நிறத்தை வெளுக்க வாங்கின. எண்ணெய் ஊறிய மண்ணையும் வீணாக்குவதில்லை. சோப்புக்காக ரங்கூனுக்கு ஏற்றுவார்கள்.

அந்த மண் தானே சூடேறித் தீப்பிடிக்கும். அதனால் கூலிகளுக்கு முன்பாக அப்பாதான் கப்பலின் அடித்தளத்தில் இறங்கி, மூட்டைக்குள் கைவிட்டுப் பார்ப்பார்.

1911 ஆடியில் எண்ணெய் மண் ஏற்றிய ஒரு கப்பலில், மழைக்குப் பயந்து அடித்தளத்தின் வாயைத் தார்ப்பாயால் இறுக்கி மூடியிருந்தார்கள். மழை விட்டபின் திறந்தார்கள். அன்று ஏகாதசி.

"இன்னிக்கும் பட்டினியா ஓய்? ஏணியிலேருந்து விழுந்துவைக்காதேயும்" என்றார் குமாஸ்தா அனந்தகிருஷ்ணன்.

"விழுந்தா நீர் வந்து தூக்கும்."

ஏணியின் அடியில் அப்பா உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார்.

"பட்டினி மயக்கம்" என்று சொல்லி, ஒரு செம்பு தண்ணீருடன் அனந்தகிருஷ்ணன் இறங்கினார். அவரும் எழவில்லை. கூலிகளின் சர்தார் மற்றவர்களைத் தடுத்துவிட்டு, கொக்கி போட்டு இருவரையும் இழுத்தார். உயிர் இல்லை.

"விரதம் அவரோடது. தாலி என்னோடது" என்று அப்பாவைக் குறை சொன்னாள் அனந்தகிருஷ்ணனின் மனைவி சுப்புலக்ஷ்மி. அது அம்மாவின் காதுக்கும் வந்தது.

"ரெண்டு வாய் அவல் கொடுத்திருக்கலாம்" என்று அம்மா தினமும் சொன்னாள்.

நான் ரசாயனம் படித்தவன். அந்த மண்ணில் கொஞ்சம் வாங்கிவந்து தகர டின்னில் போட்டு மூடி, மெழுகு வைத்து அடைத்தேன். மறுநாள் அம்மாவின் முன் திறந்து, எரியும் திரியை உள்ளே இறக்கினேன். அணைந்தது. எண்ணெய் படாத மண்ணை அதேபோல் அடைத்துவைத்த இன்னொரு டின்னில் எரிந்தது.

"மண்ணுல இருக்கற எண்ணெய் காத்துல உயிருக்கு வேண்டியதை எடுத்துக்கறது, அம்மா."

"சாப்பிட்டுட்டு இறங்கியிருந்தா?"

"இதேதான்."

அம்மா டின்னை என் பக்கம் நகர்த்தினாள். "இன்னொண்ணு தயார் பண்ணு. நான் வெளியில போகக்கூடாது. நீ சுப்பு ஆத்துக்குக் கொண்டுபோ."

சுப்புலக்ஷ்மி திரி அணைவதைப் பார்த்தாள். விரதம் காரணமில்லை என்று சொன்னேன். தலையசைத்தாள்.

"அப்போ அவர் கொண்டுபோன தண்ணி?"

"தண்ணியால ஒண்ணும் ஆயிருக்காது, மாமி."

"மேலே தூக்கினப்புறமும் அவர் செம்பை விடலையாம்" என்றாள்.