அக்கா டாக்டர் கேட்ட துடிப்பு

அக்கா டாக்டரிடம் பிரசவத்துக்குப் போகும் பெண்கள் அவளைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள். குழந்தையின் துடிப்பைக் கேட்கும்போது கையைப் பிடித்துக்கொள்ள விடமாட்டாளாம். "இந்தக் கை எனக்கு வேணும்மா, முடிஞ்சதும் தர்றேன்" என்று விரல்களை விடுவித்துக்கொண்டு, அவர்களுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாளாம். சிலருக்கு அது கர்வமாகத் தெரிகிறது. டாக்டர் படிப்பின் கடைசிப் பயிற்சியை அவள் இரண்டு முறை செய்தவள் என்று சொல்லிச் சிரிப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் காரணம் அந்தப் பயிற்சியில் அவள் செய்த ஒரு தப்புதான். அப்போது நான் அவள் பயிற்சி செய்த பிரசவ வார்டின் தலைமை நர்ஸ்.

அந்தப் பயிற்சி கடைசி ஆண்டு மாணவர்களுக்கானது. பிரசவம், கர்ப்பப்பை நோய் என்று ஒரே பிரிவில் கிடந்து, மாணவராக இருந்துகொண்டே டாக்டரின் வேலையைச் செய்ய வேண்டும். ஆளுக்குச் சில படுக்கைகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். வருகிறவளை முதலில் பார்ப்பது, வலியில் பக்கத்தில் நிற்பது, ரவுண்ட்ஸில் பெரிய டாக்டருக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர்கள் பாடு.

அவள் மற்றவர்களைவிட மூத்தவள். மூன்றாம் ஆண்டில் பிள்ளை உண்டாகி, படிப்பைப் பாதியில் விட்டவள். புருஷன் பஸ் ஓட்டுகிறவர். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவளை மறுபடி கல்லூரிக்குத் துரத்தியது மாமியார்தான். "வீட்ல உட்கார்ந்து என் மூஞ்சியைப் பார்த்தது போதும், போய் முடிச்சிட்டு வா" என்றாராம். அதே மாமியார் அக்கம்பக்கத்தில், "என் மருமக முடிக்கிறதுக்குள்ள பேரன் முடிச்சிடுவான்" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். கூடப் படிப்பவர்கள் அக்கா என்று கூப்பிட, வார்டு முழுக்க அவள் அக்கா டாக்டர் ஆகிவிட்டாள்.

"அக்கா டாக்டர், நீங்க மாணவியா, மாணவிங்களுக்கு அம்மாவா?" என்று ஆயா ஒருமுறை சீண்டினாள்.

"ரெண்டும்தான். சம்பளம் ரெண்டுக்கும் கிடையாது."

நல்ல வேலைக்காரி. அதனால்தான் அன்று நடந்தது எங்கள் எல்லோருக்கும் உறைத்தது.

ஒரு காலையில் சலவைக்கடைக்காரர் ஒருவர் தன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். நிறைமாதம், தலைச்சன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து குழந்தை அசையவில்லை என்றாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பயம் வேறு. அக்கா டாக்டர் அவளைப் படுக்கவைத்து வயிற்றில் டாப்ளரை வைத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. துடிப்பை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கொடுக்கும்.

அதை வைக்கும்போது இன்னொரு கையால் தாயின் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தாயின் துடிப்பும் பிள்ளையின் துடிப்பும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒன்றாக இருந்தால், கருவி தாயின் ரத்தக்குழாயைத்தான் கேட்கிறது என்று அர்த்தம். அவளுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அந்தப் பெண் அவளுடைய இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். உருவிக்கொள்ள இவளுக்கு மனசு வரவில்லை. சத்தம் வந்தது, சீராகவும் வேகமாகவும். படியேறி வந்தவளின் நெஞ்சு அடிக்கிற வேகம்தான் அது.

"கேக்குதா? நல்லா துடிக்குது" என்றாள்.

அந்தப் பெண் அழுதாள், பிறகு சிரித்தாள். புருஷன் வராந்தாவுக்குப் போய்ச் சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் போட்டார்.

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வந்தார். பேச்சைவிடக் கையை அதிகம் நம்புகிற அம்மாள். வயிற்றைத் தொட்டதும் முகம் மாறிவிட்டது. வயிறு பலகையாக இறுகியிருந்தது. ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். திரையில் குழந்தையின் இதயம் அசையாமல் இருந்தது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்து, உள்ளேயே ரத்தம் கட்டிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் நம்பவில்லை.

"காலையில அந்த டாக்டர் சொன்னாங்களே. நானும் கேட்டேன். என் காதால கேட்டேன். உங்க மிஷின்ல ஏதோ கோளாறு."

வலி வரவைக்கும் மருந்துக்குச் சம்மதிக்க மாட்டேன் என்றாள். மருந்து கொடுத்தால் உயிரோடு இருக்கிற பிள்ளையைக் கொன்றுவிடுவோமாம். புருஷனும் அவள் பக்கம்தான். பிரஷர் ஏறிக்கொண்டே போனது, படுக்கை விரிப்பில் ரத்தம் தெரிய ஆரம்பித்தது. தாமதித்தால் ரத்தம் உறையாமல் போகும். அப்புறம் தாயும் கிடைக்க மாட்டாள்.

பெரிய டாக்டர் அக்கா டாக்டரை என் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"நாடி பார்த்தியா?"

"இல்ல மேடம்."

"அவங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே குழந்தை போயிருக்கும். நீ கண்டுபிடிச்சிருந்தாலும் அதைக் காப்பாத்தியிருக்க முடியாது. ஆனா இவளுக்கு நேரம் கிடைச்சிருக்கும். இப்ப நீ வீட்டுக்குப் போ. அவங்க ஆளுங்க வந்துட்டிருக்காங்க. நீ கண்ணுல பட வேண்டாம்."

அவள் பையை எடுத்துக்கொண்டு வராந்தாவில் நின்று மாமியாருக்குப் போன் செய்து, வீட்டுக்கு வருகிறேன் என்றாள். மாமியாருக்குக் காது மந்தம். போனில் கத்தித்தான் பேசுவார். அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"எதுக்கு இந்நேரத்துக்கு வர்ற?"

"தப்பு பண்ணிட்டேன் அத்தை. இனிமே எனக்கு இது வேண்டாம்."

"யார்கிட்ட பண்ண?"

"ஒரு அம்மாகிட்ட."

"அவகிட்ட சொன்னியா?"

இவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"சொல்லிட்டு வா. ஒரு தடவை பாதியில விட்டுட்டு வந்தது போதும்" என்று மாமியார் போனை வைத்துவிட்டார்.

அவள் பையை நாற்காலியில் போட்டுவிட்டு, டாப்ளரை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள். பெரிய டாக்டர் தடுக்க வாயெடுத்தவர் வழிவிட்டார். நான் பின்னாலேயே போனேன். அடிதடி ஆனால் நடுவில் நிற்க ஆள் வேண்டும்.

"நான் காலையில தப்பா சொல்லிட்டேன்" என்றாள்.

"இல்ல. நான் கேட்டேன்" என்றாள் அந்தப் பெண்.

"கேட்டீங்க. திரும்பவும் கேளுங்க." கருவியை வைத்தாள். அதே சத்தம். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை, சுவரைப் பார்த்தேன். அக்கா டாக்டர் அந்தப் பெண்ணின் விரல்களை எடுத்து அவளுடைய கழுத்து நரம்பிலேயே வைத்தாள்.

"இங்க அடிக்குதா? மிஷின் சத்தத்தோட சேர்த்துப் பாருங்க."

அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே அடித்தன.

"இது நானா?"

"நீங்கதான்."

"அப்ப காலையிலயும்?"

"காலையிலயும் நீங்கதான். நான் உங்க நாடியைப் பார்த்திருக்கணும். பார்க்கல."

புருஷன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே போனேன். அதற்குள் மனைவி அவரை அதட்டினாள். "விடுங்க. அவங்களை அடிச்சா பிள்ளை வருமா?" பிறகு அக்கா டாக்டரைப் பார்த்து, "நீ வெளியே போ. மருந்து குடுக்கிறவங்களை வரச் சொல்லு" என்றாள்.

மருந்து ஏறியது. ரத்தமும் ஏற்றினோம். நான் கூடவே இருந்தேன். பிரசவ வலியில் ஒரு தள்ளுபடியும் கிடையாது. பிள்ளை உயிரோடு இல்லை என்பதற்காக அது குறைவதில்லை. சாயங்கால வெயில் ஜன்னலில் இருக்கும்போது பிரசவமானது. பெண் குழந்தை. தாய்க்கு ரத்தப்போக்கு நின்றது, பிரஷரும் இறங்கியது. துடைத்துத் துணியில் சுற்றி, பார்க்கிறாயா என்று கேட்டேன்.

"அந்த டாக்டர் போயிட்டாங்களா?"

"வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்கா."

"வரச் சொல்லுங்க. முதல்ல அவங்க பார்க்கட்டும்."

அக்கா டாக்டர் வந்து கை கழுவிக்கொண்டு குழந்தையை வாங்கினாள்.

"இப்பவாவது நல்லா பாரு. பார்த்துட்டுச் சொல்லு" என்றாள் தாய், கண்ணை மூடிக்கொண்டு.

அக்கா டாக்டர் துணியைப் பிரித்தாள். ஒன்றையும் விடவில்லை. "முடி நிறைய இருக்கு. சுருட்டை. புருவம் லேசா. காது உங்க காது. கை விரலெல்லாம் நீளம், நகம் வளர்ந்திருக்கு. வலது முட்டிக்குக் கீழ சின்னதா ஒரு மச்சம்." பாதம் வரை சொன்னாள்.

தாய் கண்ணைத் திறந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். மச்சத்தைத் தேடிப் பார்த்தாள். நானும் அக்கா டாக்டரும் சற்றுத் தள்ளி நின்றோம். ஆயா வாளியை எடுக்க வந்தவள் எடுக்காமலே திரும்பிப் போனாள்.

பிறகு தாய், "இவளோட அப்பா இன்னும் பார்க்கல. நீயே கொண்டுபோய்க் குடு" என்றாள்.

அவர் வராந்தாவின் கோடியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா டாக்டர் குழந்தையை ஏந்திக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவர் நிமிரவில்லை. அவர் கை நீட்டும்வரை அங்கேயே நின்றாள்.