கோழிக் கூடைக்குள் கலோரிமீட்டர்

சென்ற வாரம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் டீ வாங்கினேன். கடைக்காரர் ஒரு காகிதக் கப்புக்குள் இன்னொன்றைச் செருகி ஊற்றித் தந்தார். "கை சுடுங்க, அதான் ரெண்டு" என்றார். இரண்டு கப்புக்கும் நடுவில் நிற்கும் காற்று சூட்டைப் பிடித்துவைப்பதை யோசித்தபடி நின்றேன். கொளஞ்சி நினைவு வந்துவிட்டது. டீ ஆறியதும் தெரியவில்லை.

கொளஞ்சியும் நானும் பி.எஸ்சி. வேதியியலில் ஒரே மேசை. அமிலத்தையும் காரத்தையும் கலந்தால் சூடு பிறக்கும். அது எவ்வளவு என்று அளக்க வேண்டும். புத்தகத்தில் பதிமூன்று புள்ளி ஏழு கிலோ கலோரி. எங்கள் ஆய்வகத்தில் அது பத்தைத் தாண்டினாலே அதிசயம். கலோரிமீட்டர் என்று இருந்தது வெறும் செம்புக் குவளைதான். சூடு வெளியேறாமல் அதைச் சுற்றியிருக்க வேண்டிய கம்பளியை எலிகள் என்றைக்கோ கொண்டுபோய்விட்டன. எனக்கு ஒருமுறை ஆறு வந்தது. அமிலத்தை ஊற்றிவிட்டுத்தான் தெர்மாமீட்டரைத் தேடினேன், நம் சாமர்த்தியம் அப்படி.

கொளஞ்சிக்கு அது விளையாட்டில்லை. அந்தச் செய்முறைத் தேர்வில் ஏற்கெனவே தோற்றிருந்தாள். இந்த முறையும் போனால் படிப்பை நிறுத்தி மாமன் மகனுக்குக் கட்டிவைப்பதாக அவள் அம்மா சொல்லியிருந்தார்.

தேர்வு நாளன்று இடஒதுக்கீடு கேட்டு மறியல். சின்னசேலம் சாலை நெடுக வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் கிடையாது. கொளஞ்சி தலையில் ஒரு கூடையோடு நடந்தே வந்தாள். கூடை நிறைய உமி, ஓரத்தில் ஒரு கோழியிறகு.

"இன்னாடி இது?"

"அடைக்கு வெச்ச கூட. கோழிய எறக்கி வுட்டுட்டேன். உமிக்குள்ள குவளைய வெச்சா சூடு எங்க போவும்?"

"முட்டைங்க?"

"அம்மா மடியில கட்டிக்கினு உக்காந்துகினு இருக்காங்க."

கல்யாணத்துக்கு அவசரப்பட்ட அதே அம்மாதான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

ஆனால் தேர்வு வைக்க வேண்டியவர் வரவில்லை. சேலத்திலிருந்து ரயிலில் வந்து சின்னசேலத்தில் இறங்கிய அந்தப் பேராசிரியர், பஸ் இல்லாமல் நடந்துவந்து ஒரு மரத்தருகே மாட்டிக்கொண்டிருந்தார். அங்கே மறியலில் கோடரியோடு உட்கார்ந்திருந்தவர்களில் கொளஞ்சியின் அப்பாவும் ஒருவர். நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். கெமிஸ்ட்ரி பிராக்டிக்கல் என்று கேட்டதும் எழுந்துவிட்டாராம்.

"உம்பொண்ணுக்குன்னா மட்டும் வழி வுடணுமா?" என்று கூட இருந்தவர்கள் மடக்கியிருக்கிறார்கள்.

"மரத்த வெட்னதே புள்ளைங்க படிக்கணும்னுதான? அந்தப் பரீட்சையே நின்னுப்போனா அப்பறம் நாம எதுக்கு இங்க குந்திக்கினு இருக்கறோம்?"

பேராசிரியரை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மரம் குறுக்கிட்ட இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கினார், இவர் வேட்டியும் அவர் பேண்ட்டும் கிழிந்தன. மதியம் போல வந்து சேர்ந்தார்கள்.

கொளஞ்சி குவளையை உமிக்குள் புதைத்து, கிழிந்த சேலைத் துணியால் வாயை மூடி, அமிலத்தை ஊற்றிக் கிளறினாள். பாதரசம் ஏறியது, ஏறிய இடத்தில் நின்றது. பேராசிரியர் கூடையைத் தொட்டுப் பார்த்தார். வெளியே கொஞ்சமும் சூடு தெரியவில்லை. கணக்குப் போட்டதில் பதிமூன்றைத் தாண்டியிருந்தது. "யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

"எங்கூட்டுக் கோழிங்க சார்."

அப்பா வெளிவாசலில் நின்றிருந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சூடு வந்துச்சாம்மா?" அவள் தலையாட்டியதும் மறியலுக்கே திரும்பிப் போனார். அன்று சாயங்காலம் அவரைக் கைதுசெய்து வேனில் ஏற்றினார்கள். மகள் தேறிய செய்தி சிறைக்குள்தான் அவருக்கு எட்டியது. அவரைப் போல இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

ஆறிய டீயைக் கீழே ஊற்றிவிட்டு கொளஞ்சிக்குப் போன் போட்டேன். அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வேற்றூர்ப் பள்ளிகளுக்குச் செய்முறைத் தேர்வு வைக்கவும் போகிறாள். நீ வந்த சாலையில் இப்போது ஒதுங்க ஒரு புளியமரம் கிடையாது என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பரீட்சை வைத்துவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம் கட்டிலில் கிடந்தபடியே அப்பா, "சூடு வந்துச்சாம்மா?" என்று கேட்பாராம். உப்பைச் சோதிக்கிற பரீட்சையானாலும் அதே கேள்விதானாம்.

"அப்பா காரியம் முடிஞ்சி நேத்துதான் மொத தடவ பரீட்ச வெச்சிட்டு வூட்டுக்கு வந்தேன்டி" என்றாள். "செருப்பக்கூட கழட்டாம வாசல்லயே நின்னுக்கினு இருந்தேன். கட்டிலு காலியா கெடந்துச்சி."