குணமாகாத நாயகி

எங்கள் அண்ணன் வீட்டுச் சமையலறையில் எந்த டப்பாவின் மூடியும் இறுகி இருக்காது. சீனி, காப்பித்தூள், ஊறுகாய் எல்லாமே சும்மா மேலே வைத்தது போலத்தான் மூடியிருக்கும். விருந்துக்கு வந்த யாராவது பொறுப்பாக இறுக்கி வைத்துவிட்டுப் போனால் மறுநாள் காலை மதினிக்குக் காப்பி கிடையாது. கல்யாணமான இரண்டாம் வருடம் அவருக்கு முடக்குவாதம் வந்தது. விடிந்து ஒன்பது மணி வரை விரல்கள் மடங்காது. கம்பம் ஊருக்கு வெளியே இருக்கும் திராட்சைத் தோட்டத்துக்கு ஆறு மணிக்குக் கிளம்பும் அண்ணன், செருப்பை மாட்டுவதற்கு முன் அடுப்படிக்குள் போய் ஒவ்வொரு மூடியையும் ஒரு திருகு தளர்த்திவிட்டுப் போவார். இதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை. சீனியில் எறும்பு ஏறியது, அதையும் யாரும் பேசவில்லை.

நான் காதல் நாவல் எழுதுகிறவள். வாரநாட்களில் தேனியில் ஓர் அலுவலகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் நாவல். மதினிதான் என் முதல் வாசகி. என்னுடையதை மட்டுமல்ல, கையில் கிடைக்கும் எல்லாக் காதல் நாவலையும் படித்துத் தள்ளுவார், படித்த கையோடு கிழித்தும் தொங்கவிடுவார். "இவளுகளுக்கு வர்ற காய்ச்சலப் பாரேன். மழையில நனஞ்சதும் வருது, அவன் ஈரத்துணி போட்டதும் போயிருது. எனக்கு மட்டும் பதினோரு வருசமா வந்துக்கிட்டே இருக்கு" என்பார். நாயகிக்கு இதைவிடப் பெரிய நோய் வந்தால் கடைசிப் பக்கத்தில் அவனுடைய மடியில் சாக வேண்டும். வாராவாரம் மாத்திரை போட்டுக்கொண்டு, காலையில் ஜாக்கெட் ஊக்கை மாட்ட முடியாமல் புருஷனைக் கூப்பிட்டு, அவனோடு சண்டையும் போட்டு, அன்றைக்கே சமாதானமும் ஆகிற ஒருத்தி எந்த நாவலிலும் இல்லை. அந்த எரிச்சலில்தான் அவளை நானே எழுதினேன்.

பதிப்பாளர் மரியாதையான மனிதர். போனில் பத்து நிமிடம் பாராட்டினார். பிறகு சொன்னார்: "ஆனா மேடம், வாசகிகள் சந்தோஷமா புத்தகத்த மூடணும். ஒண்ணு அவளக் குணப்படுத்துங்க, இல்ல சாகடிச்சிருங்க. கோணின விரலோட எப்படி விடறது?" நான் வாதாடினேன், ஒரு வாரம்தான். அப்புறம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கடைசி அத்தியாயத்தை மாற்றினேன். நாயகி மாத்திரைகளை ஆற்றில் வீசிவிட்டுக் கேரளத்து மலைக்குப் போகிறாள். நாற்பத்தொரு நாள் மூலிகைச் சிகிச்சை. தேயிலைச் சரிவில் புருஷனை நோக்கி ஓடி வருகிறாள். புத்தகம் நன்றாக விற்றது. அழுதுவிட்டேன் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள்.

என் அம்மாவும் படித்தாள். எங்கள் வீட்டில் மேல்படிப்புப் படித்தவள் நான் ஒருத்தி. பத்திரம், மருந்துச் சீட்டு, வங்கித் தாள் எது வந்தாலும் நான் வாசித்துச் சொல்வதுதான் முடிவு. அந்தப் பழக்கத்திலேயே அம்மா என் நாவலையும் எடுத்துக்கொண்டாள். "நம்ம பிள்ள விசாரிக்காமயா எழுதுவா?" என்று அண்ணனைக் கேட்டாளாம். அப்படியே மதினியைக் கூட்டிக்கொண்டு கேரளத்து மலைக்குக் கிளம்பியும்விட்டாள். அடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி ஜீப் மலையேறும்போதுதான் அம்மாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "அது கதைம்மா" என்று கத்தினேன். "கதைன்னா பொய்யாவா எழுதுவ?" என்றாள். மதினியின் மாத்திரைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அங்கிருந்த வைத்தியர் கேட்டதற்கு, எந்த மருந்தும் எடுப்பதில்லை என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

ஒரு பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் அங்கே போய் நின்றிருக்கலாம். நான் போகவில்லை. அலுவலகத்தில் தணிக்கை என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். ஒருவேளை நான் எழுதியது பலித்துவிட்டால் என்கிற நப்பாசையும் உள்ளே இருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மதினி திரும்பி வந்தபோது வலது மணிக்கட்டு வீங்கிப் பூட்டிக்கொண்டிருந்தது. மறுபடி மாத்திரை தொடங்கியதில் வீக்கம் வடிந்தது, மணிக்கட்டு மட்டும் அசையவில்லை. போனது போனதுதான் என்றார் மதுரை டாக்டர். அம்மா சாமியைக் குறை சொன்னாள். அண்ணன் வழக்கம்போல மூடிகளைத் தளர்த்திவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது: பதிப்பாளர் மேல், அழுத வாசகிகள் மேல், அச்சில் வந்ததையெல்லாம் நம்பும் அம்மா மேல். மதினியின் காலடியில் உட்கார்ந்து அந்தக் கோபத்தையெல்லாம் கொட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கை போனது போகட்டும்த்தா. அவளக் கொணமாக்கி விட்டுத்தான அவனோட சேத்து வச்ச, அது ஏன்? இப்படியே இருந்தா ஒருத்தன் கூட வச்சு வாழமாட்டான்னு நெனச்சியா? ஒங்க அண்ணன் எப்படி இருக்காகன்னு பாத்துக்கிட்டே இருந்தவதான நீ."

பதிப்பாளர் கேட்டார் என்றேன்.

அந்த நாவல் இப்போது நான்காம் பதிப்பு. கடைசி அத்தியாயத்தை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். ஓடுகிற குதிரையை ஏன் நிறுத்த வேண்டும் என்கிறார் பதிப்பாளர். வேறொரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். மூன்று பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கடிதம்: நன்றாக இருக்கிறது, முடிவு மட்டும் சோர்வாக இருக்கிறது. இதில் யாரும் சாகவில்லை, பிரியவில்லை. அவளுக்கு வலி இருக்கிறது, அவன் கூடவே இருக்கிறான். இதில் என்ன சோர்வைக் கண்டார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன ஞாயிறு அந்தக் கையெழுத்துப் பிரதியை அண்ணன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மதினியால் இப்போது புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது, நான்தான் வாசிக்க வேண்டும். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தவர், நான் முதல் தாளைப் புரட்டியதும் இடது கையால் தடுத்தார்.

"ஏத்தா, இவளுக்கும் கடைசியில சரியாயிருமா?"

"இல்ல மதினி."

"அப்ப வாசி."